இமாமும் போதகரும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே!

மதத்தைப் பற்றி இவன் என்ன பேசப்போகிறான் என்று சிலர் நினைக்கலாம். நான் வேதம் சொல்ல வரவில்லை. ஓர் ஆலை நகரத்தின் கதையைச் சொல்ல வந்தேன்.

ஆப்பிரிக்காவில், நைஜீரியா தேசத்தின் வடபகுதியில், கடுனா என்றொரு நகரம். உங்களைப் போலவே நூலும் தறியும் அறிந்த ஊர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வாழும் ஊர்.

1992ல் கடுனா மாநிலத்தில் மதக் கலவரம் மூண்டது. கிறிஸ்தவ இளைஞர்களுக்கு ஜேம்ஸ் வுயே தலைவர். முஸ்லிம் இளைஞர்களுக்கு முகம்மது அஷஃபா தலைவர். சண்டையில் வுயே வலது கையை இழந்தார். அஷஃபா தம் ஞானாசிரியரையும் உறவினர் இருவரையும் இழந்தார். பழிக்குப் பழி என்று இருவரும் காத்திருந்தார்கள்.

1995ல் ஒரு பத்திரிகையாளர் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தார். உடனே பகை தீர்ந்ததா? இல்லை. வுயேயின் மனத்தில் வஞ்சம் கனன்றுகொண்டேயிருந்தது. அவருடைய தாயார் நோயுற்றுக் கிடந்தபோது இமாம் அஷஃபா பார்க்கப் போனார். தோழர்களே, எந்த வாதமும் செய்யாத வேலையை அந்த நடை செய்தது!

பிறகு இமாமும் போதகரும் கடுனாவில் ஒரு சமாதான நிலையம் கண்டார்கள். இரு தரப்பு இளைஞர்களையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். 2004ல் யெல்வா என்ற ஊரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டபின், அங்கும் இரு சாராரையும் பேசவைத்தார்கள்.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். 2002 ஆகஸ்டில் இரு மதத் தலைவர்களும் கடுனாவில் சமாதானப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். நவம்பரில் மறுபடி ரத்தம் ஓடியது. ஏன்? மேடையில் தலைவர்கள் கைகுலுக்கினால் மட்டும் போதாது. தெருவில் மக்கள் கலக்கவேண்டும். நெசவாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2007ல் பெரிய ஆலையும் மூடிற்று. வேலையற்ற இளைஞன் கையில் கல்லைக் கொடுப்பது சுலபம்.

ஆகவே தோழர்களே, பேச்சும் வேண்டும், பிழைப்பும் வேண்டும். கூலி கேட்கும்போது ஒன்றாக நிற்கிறோம். சாவு வீட்டுக்கும், நோயாளியின் கட்டிலுக்கும் ஒன்றாகப் போகிறோமா? வதந்தி வந்த பிறகு ஓடாதீர்கள். அதற்கு முன்பே அடுத்த தெருவுக்கு நடந்து பழகுங்கள். நம் தாய்க்குக் கஞ்சி கொண்டுவந்தவனின் கூரையில் நெருப்பு வைக்க எந்தக் கை துணியும்?