கூட்டம் கலைந்த பிறகு



பிரசங்கத்தை ஒரு கலை என்று சொன்னால் சில போதகர்களுக்குக் கோபம் வரும். அது ஆவியானவரின் செயல், அதைப் போய்க் கச்சேரி மாதிரி எடை போடாதீர்கள் என்பார்கள். இருக்கட்டும். குரலையும் மூச்சையும் சொல்லையும் கொண்டு ஆயிரக்கணக்கான பேரை அசையவிடாமல் நிறுத்துகிற ஒன்றை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது? என் கேள்வி, இந்தக் கலை ஆளை மாற்றுமா என்பது. அன்று இரவுக்கு அல்ல, அடுத்த வருஷமும் தெரிகிற மாதிரி மாற்றுமா?

இதைச் சோதித்துப் பார்க்க 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நல்ல இடம். அங்கே இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள், இருவரும் ஆங்கிலிக்கன் குருமார். ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொன்னார்கள். ஒருவர் ஜார்ஜ் விட்ஃபீல்ட், மற்றவர் ஜான் வெஸ்லி.

விட்ஃபீல்ட் குளோஸ்டர் ஊரில் விடுதி நடத்திய குடும்பத்தில் 1714இல் பிறந்தவர். சின்ன வயதில் நாடகப் பித்து. ஒரு கண் மாறுகண். வாயைத் திறந்துவிட்டால் அந்தக் கண்ணை யாரும் பார்க்கவில்லை. 1739 பிப்ரவரியில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் உள்ள கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போய், வெட்டவெளியில் நின்று பேசினார். அந்தத் தொழிலாளர்களுக்கென்று அங்கே ஆலயமும் கிடையாது, அவர்களைத் தேடிப் போகும் குருவும் கிடையாது. முதல் நாள் சுமார் இருநூறு பேர் வந்தார்கள். சில வாரங்களில் அது ஆயிரங்களானது. குழியிலிருந்து நேரே வந்து நின்றவர்களின் கரி படிந்த கன்னத்தில் கண்ணீர் வெள்ளைக் கோடு போட்டதைப் பார்த்துத்தான், பேச்சு உள்ளே இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் குரலின் வீச்சை அளந்தவர் ஒருவர் உண்டு: பெஞ்சமின் ஃபிராங்க்ளின். விட்ஃபீல்ட் அமெரிக்கா போய் ஃபிலடெல்ஃபியாவில் நீதிமன்றப் படியில் நின்று பேசியபோது, ஃபிராங்க்ளின் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஆற்றுப் பக்கமாகப் பின்னாலேயே நடந்து போனார். குரல் தெளிவாகக் கேட்கும் கடைசி இடம் வரை நடந்து, அதை அரைவட்டமாகக் கணக்குப் போட்டு, ஆளுக்கு இரண்டு சதுர அடி ஒதுக்கி, முப்பதாயிரம் பேருக்கு மேல் கேட்க முடியும் என்று முடிவு கட்டினார். மைக் இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

அதே ஃபிராங்க்ளின் இன்னொரு நாள் பிரசங்கம் கேட்கப் போனார். விட்ஃபீல்ட் ஜார்ஜியாவில் கட்டப்போகும் அநாதை இல்லத்துக்குக் காணிக்கை எடுப்பார்கள் என்று தெரியும். ஆளும் இல்லாத, சாமானும் கிடைக்காத இடத்தில் போய்க் கட்டுவதை விட ஃபிலடெல்ஃபியாவிலேயே கட்டிப் பிள்ளைகளை அழைத்து வரலாம் என்பது அவர் கட்சி. ஆகவே ஒரு காசும் போடுவதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். சட்டைப்பையில் ஒரு பிடி செப்புக்காசு, மூன்று நான்கு வெள்ளி டாலர், ஐந்து தங்கக்காசு. பேச்சு நடக்க நடக்க, சரி, செப்பைப் போடலாம் என்று இளகினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளியும் போகட்டும் என்று தோன்றியது. முடிவில் தங்கம் உட்பட எல்லாவற்றையும் தட்டில் கொட்டிவிட்டார்.

தொழில் தெரிந்த காது அவருக்கு. புதிதாகத் தயாரித்த பிரசங்கம் எது, பல ஊரில் சொல்லிப் பழகியது எது என்று கேட்டவுடனே சொல்லிவிடுவாராம். நூறு மேடையில் பாடிய கீர்த்தனை வித்வானின் தொண்டையில் எப்படி உட்கார்ந்துவிடுகிறதோ, விட்ஃபீல்டின் பழைய பிரசங்கங்கள் அப்படி உட்கார்ந்திருந்தன. ஏற்ற இறக்கம், நிறுத்தம் எல்லாம் இழைத்து வைத்தது போல வரும்.

இவ்வளவு ரசித்த ஃபிராங்க்ளின் மனம் மாறினாரா? இல்லை. விட்ஃபீல்ட் தனக்காக ஜெபித்தார் என்றும், அந்த ஜெபம் கேட்கப்பட்டதென்று நம்பும் திருப்தி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை என்றும் சிரித்தபடியே எழுதி வைத்திருக்கிறார். பை காலியானது, ஆள் அப்படியே இருந்தார். அவர்களுடைய நட்பும் அப்படியே இருந்தது.

இனி வெஸ்லி. 1703இல் பிறந்தவர், விட்ஃபீல்டுக்கு மூத்தவர். குள்ளமான, ஒல்லியான, மடிப்புக் கலையாத மனிதர். தெருவில் நின்று பேசுவதென்றால் அவருக்கு அருவருப்பு. ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பது பாவத்துக்குச் சமம் என்றே கிட்டத்தட்ட நினைத்திருந்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். விட்ஃபீல்ட் வற்புறுத்தி அழைத்ததால் 1739 ஏப்ரல் 2ஆம் தேதி பிரிஸ்டலில் ஒரு மேட்டின் மேல் ஏறினார். கீழே சுமார் மூவாயிரம் பேர். நாடகம் கிடையாது, உருகிக் கசிவதும் கிடையாது. தத்துவச் சொற்களைத் தவிர்த்து, சாதாரண ஜனத்துக்குச் சாதாரணப் பேச்சு என்பதை வைராக்கியமாகவே வைத்திருந்தார். விசித்திரம் என்னவென்றால், பிரிஸ்டலில் ஜனங்கள் அலறி விழுந்தது இந்த அடங்கிய மனிதர் பேசியபோதுதான். இதற்கு யார் என்ன விளக்கம் சொன்னாலும் எனக்குத் திருப்தி ஏற்பட்டதில்லை.

ஆனால் நான் வெஸ்லியைப் பேச வந்தது அவருடைய பேச்சுக்காக அல்ல, ஒரு கடனுக்காக. பிரிஸ்டலில் கூட்டம் கூட ஒரு கட்டடம் எழுப்பினார்கள். கடன் நின்றுவிட்டது. 1742 பிப்ரவரியில் அதை அடைக்க வழி பேசியபோது, ஃபாய் என்ற கேப்டன் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். பலருக்கு அதற்கும் வக்கில்லையே என்றார்கள். அப்படியானால் ரொம்ப ஏழைகள் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரா வாரம் வீட்டுக்குப் போய் வாங்குகிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு நான் போட்டுக்கொள்கிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பன்னிரண்டு பேர் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

காசு வாங்கப் போனவர்கள் வேறு செய்தியோடு திரும்பினார்கள். ஒரு வீட்டில் ஆள் குடித்துவிட்டுக் கிடக்கிறான். இன்னொரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை. ஞாயிற்றுக்கிழமை கண்ணீர் விட்டவர்கள்தாம் இவர்கள். வெஸ்லிக்குப் பொறி தட்டியது: நெடுநாளாகத் தேடியது இதுதான்! வீடு வீடாகப் போவது நாளடைவில் வாரம் ஒருமுறை பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூடுவதாக மாறியது. அதற்கு வகுப்பு என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வகுப்பில் பிரசங்கம் கிடையாது. தலைவர் முதலில் தன் வாரத்தைச் சொல்வார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்பார்: உன் ஆத்துமா எப்படி இருக்கிறது, இந்த வாரம் எங்கே தடுக்கியது, யாருக்கு என்ன நன்மை செய்தாய்? தலைவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. செருப்புத் தைப்பவர், நெசவாளி, பெண்களும் ஏராளம். பெண்கள் பீடம் ஏறுவதை நினைத்தும் பார்க்காத காலத்தில், பன்னிரண்டு பேரின் வாழ்க்கைக்குப் பொறுப்பாளியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பது லேசான சங்கதி அல்ல.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர் எழுதிய சீட்டு கொடுப்பார்கள். ஒழுங்காக நடப்பவருக்குத்தான் அது புதுப்பிக்கப்படும். 1743இல் விதிகளை அச்சிட்டார்கள். குடிக்கக் கூடாது, சாராயம் விற்கவும் கூடாது, தீர்வை கட்டாத கடத்தல் சரக்கை வாங்கவோ விற்கவோ கூடாது. ஜின் சாராயம் லண்டன் ஏழைகளைச் சூறையாடிய காலம் அது. கடற்கரை ஊர்களில் கடத்தல் ஒரு குடிசைத் தொழில். அதே வருஷம் மார்ச்சில் நியூகாஸிலில் வெஸ்லி 64 பேரை நீக்கினார். பட்டியலை எழுதியும் வைத்தார். அதில் சில: குடிக்காக 17 பேர், சண்டை சச்சரவுக்காக 3 பேர், தொடர்ந்து பொய் சொன்னதற்காக 3 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பேறித்தனத்துக்காக ஒருவர். கவனக்குறைவுக்கும் அசட்டைக்கும் மட்டும் 29 பேர்! கடைசி எண்ணைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வெற்றிச் செய்தி எழுதும் ஊழிய அறிக்கைகளை வாசித்துப் பழகியவர்களுக்கு, ஒரு பிரசங்கியார் தன் தோல்விகளை இப்படி இனம் பிரித்து எண்ணியது புதுமையாகத் தெரியும்.

1763இல் வேல்ஸின் பெம்புரோக்‌ஷயருக்குப் போனபோது அவருக்குக் கிடைத்தது பெரிய ஏமாற்றம். இருபது வருஷமாக அங்கே பிரசங்கம் நடந்திருக்கிறது. ஒழுங்கான சங்கமோ வகுப்போ அமைக்கவில்லை. விழித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னை விட நன்றாகத் தூங்குகிறார்கள் என்று எழுதினார். அப்போஸ்தலனைப் போலவே பேசினாலும் சரி, விழித்தவர்களைச் சேர்த்துக் கட்டாவிட்டால் பயனில்லை என்பது அவருக்கு முன்னை விட உறுதியானது.

விட்ஃபீல்டின் நேர்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. லட்சக்கணக்கானவரை அழவைத்த அவர், ஜார்ஜியாவில் அடிமைமுறையை அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார். அநாதை இல்லத்தின் நிலத்தில் அடிமைகளை வைத்தும் இருந்தார். நீ செய்வது சரியா என்று வாரா வாரம் கேட்க, அவருக்கு மேலே யாரும் உட்காரவில்லை. வெஸ்லியோ 1774இல் அடிமைமுறையைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார்.

நம் பக்கம் வருவோம். வெஸ்லியின் வழிவந்தவர்களான மெதடிஸ்டுகள் 1814இல் இலங்கையின் காலி நகரில் கரையிறங்கினார்கள், அவர்களில் இருவர் யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். இலங்கைத் தமிழர்களிடையே மெதடிஸ்டு சபை தொடங்கியது அப்படித்தான். இங்கே இன்று மைதானக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. விளக்கு வரிசை, இசைக்குழு, மூன்று நாள் கன்வென்ஷன், கடைசி இரவு தீர்மானம் எடுப்பவர்கள் கையை உயர்த்தச் சொல்வது. கைகளை எண்ணி அறிக்கை எழுதுகிறார்கள். அந்தக் கைக்காரர்களின் வீட்டுக் கதவை அடுத்த செவ்வாய்க்கிழமை யார் தட்டுகிறார்கள் என்று அறிக்கையில் இராது. மழை பெய்தாலும் பத்துப் பேர் கூடி, அந்த வாரச் சண்டையைச் சொல்லி, ஒருவருக்கொருவர் ஜெபித்துப் போகிற சின்ன வீட்டுக் கூட்டங்களும் நம் ஊரில் உண்டு. பிரபல பிரசங்கியார் அங்கே வருவதில்லை. மாற்றம் என்று நான் கண்ணால் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அந்தத் திண்ணைகளில்தான்.

வகுப்பு முறைக்கு எதிர்க்கட்சியும் உண்டு, அது வலுவான கட்சி. ஒருவர் வாழ்க்கையை அடுத்தவர் வாரந்தோறும் துருவுவது எளிதில் வேவுபார்ப்பதாகிவிடும். ஈ. பி. தாம்சன் என்ற வரலாற்றாசிரியர், ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் பற்றி 1963இல் எழுதிய பெரிய நூலில், மெதடிசம் ஏழையை அடக்கி ஆலை மணிக்குப் பழக்கியது என்று காய்ச்சியிருக்கிறார். பாதி உண்மை என்பேன். மறுபாதிக்கு டார்செட் மாவட்டத்து டால்படில் கிராமத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பண்ணைக் கூலி வாரம் 9 ஷில்லிங்கிலிருந்து 7 ஆகி, 6 ஆகப் போகிறது என்ற நிலையில், ஆறு தொழிலாளர்கள் உறுதிமொழி எடுத்துச் சங்கம் கட்டினார்கள். 1834இல் அவர்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் மெதடிஸ்டுகள். தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் சபையின் உள்ளூர்ப் பிரசங்கியார். கூட்டம் நடத்தவும், சந்தா வாங்கவும், பேர் பேராகக் கேட்டுப் பொறுப்பு வைக்கவும் சபையில் பழகியவர்கள் இவர்கள். வெஸ்லி சாகும் வரை ராஜவிசுவாசி. இதை அவர் ஒப்பியிருக்கவே மாட்டார்.