தொலைந்த வாகனப் புத்தகம்

2004 டிசம்பர் 26 காலைச் சுனாமியில் இலங்கையின் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொண்டுபோனவற்றில் அலுமாரிப் பத்திரங்களும் அடங்கும். வாகனப் புத்தகம் தொலைந்தால் வாகனத்தின் உரிமையும் போய்விட்டதென்று பதறுவோர் இன்றும் உண்டு. அப்படியல்ல. புத்தகம் என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றிதழ், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் உள்ளதற்குச் சாட்சி மட்டுமே. பதிவேடு அங்கேதான் இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியோடு விண்ணப்பித்தால் இரண்டாம் பிரதி பெறலாம்.

உண்மையான சிக்கல், அந்தப் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதில்தான். வாகனத்தை வாங்கிவிட்டு, விற்றவர் கையொப்பமிட்ட படிவத்தை ‘ஓப்பன் பேப்பர்’ என்று மடித்து வைத்துக்கொள்வது நம் நாட்டில் சர்வசாதாரணம். ஆனால் கைமாறி 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்கிறது மோட்டார் போக்குவரத்துச் சட்டம். இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவுபெற்ற உரிமையாளர். அவரோ நாலு கை தாண்டிக் கட்டாரில் இருப்பார்; மௌத்தாகியும் இருக்கலாம். “பெயர் மாற்ற அலைச்சலும் செலவுமாச்சே” என்பார்கள். நியாயம்தான், குறைகூற முடியாது. ஆனால் முகவரி மாறிப்போன மனிதரைத் தேடித் திரியும் செலவு அதைவிடப் பெரிது. போட்டோப்பிரதி போதுமென்பதும் பாதி உண்மை: என்ஜின், செசி இலக்கங்களைச் சொல்ல உதவும், விற்க உதவாது. லீசிங் வாகனமென்றால் முழு உரிமையாளராக நிறுவனமே பதிவாகியிருக்கும்; முதலில் அங்கே பேசுங்கள்.