படுக்கையிலிருந்து ஒரு கடிதம்
(பங்கின் பொன்விழா மாலைக் கூட்டத்தில் வின்சென்ட் தே பவுல் சபையினர் சார்பில் ஆற்றிய உரை)

 

ஞாயிறுதோறும் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்துவரும் எங்களைப் பேசச் சொன்னார்கள். எங்களைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும், இந்த வேலையை எங்களுக்கு முன்னே செய்தவர்களைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பிரைட்டன் நகரில் பழைய அரச மாளிகையே மருத்துவமனை ஆயிற்று. அங்கே ஒன்பது சமையற்கட்டுகள்! இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துக்களில் இருந்தன, தமிழ் இல்லை. அதே ஆண்டில் இலண்டனிலிருந்த காந்தியடிகள் இந்திய மாணவர்களைத் திரட்டித் தொண்டர் படை அமைத்தார். அவர்களில் பலர் நெட்லி என்னும் ஊரின் மருத்துவமனையில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள்.

சிப்பாய்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். அவர் படுக்கையிலிருந்து சொல்ல, எழுத்தறிந்த ஒருவர் எழுதினார். அதைத் தணிக்கை அதிகாரி படித்தார். பிறகு கடல் கடந்து போய், ஊரில் யாரோ ஒருவர் வாசிக்கத் தாய் கேட்டாள். மகன் தாயோடு பேச நடுவிலே மூன்று அந்நியர்! மனதில் உள்ளதைச் சொல்ல முடியுமா? ஆகவே ஜாடையாக எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கறுப்பு தீர்ந்துவிட்டது, சிவப்பும் கொஞ்சந்தான் மிச்சம் என்று எழுதிவிட்டால் போர்முனைச் செய்தி ஊருக்கு எட்டிவிடும். மிளகாய் வற்றல் காயும் நம் கரிசல் களத்திலே இது யாருக்கு விளங்காது? தணிக்கை அதிகாரிக்கும் விளங்கிவிட்டது, அதுதான் வேடிக்கை. மூலக் கடிதங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவர்கள் எடுத்து வைத்த மொழிபெயர்ப்புகளே இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

கைபேசிக் காலத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். மகன் வடக்கே இராணுவத்தில். “நல்லாத்தான் இருக்கேன், லீவு போட்டு வர வேணாம்னு எழுதி அனுப்பிருங்கய்யா” என்றார். அனுப்பினோம். ஆனால் இரக்கம் மேலிட்டு, ‘அம்மா உங்களைத் தேடுகிறார், உடனே வரவும்’ என்று நாங்களாக ஒரு வரி சேர்த்துவிட்டோம். மகன் அலறிப் புடைத்துக்கொண்டு வந்தார். தங்கை கலியாணத்துக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த லீவெல்லாம் அதிலே கரைந்தது. அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. “நான் சொன்னத மட்டுந்தான எழுதச் சொன்னேன்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம்.

இப்போது எழுதியதை வாசித்துக் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகே அனுப்புகிறோம். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கெபியருகே கூடுகிறோம். வர விரும்பும் இளைஞர்கள் அங்கே வந்து நின்றால் போதும்.