புற்றுநோயும் மூன்று வாரக் கெடுவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் ஒருவர், நாவின் ஓரத்தில் எழுந்த சிறு புண்ணை நான்கு திங்கள் ஒருவருக்கும் உரையாது வைத்திருந்தார். மகளுக்கு மணம் பேசி முடித்திருந்த காலம் அது. நோயின் பெயர் வெளிப்படின் சம்பந்தம் கலைந்துவிடுமோ என அஞ்சினார். மணம் இனிது நிறைவேறியது. அதன்பின் அவர் மருத்துவரிடம் சென்றபோது நோய் கழுத்திலும் பரவியிருந்தது. ஓராண்டு நிறையுமுன் அவர் மறைந்தார். அவர் குடும்பத்தாரின் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றோம். யாம் இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

கறையான் புற்று வெளியிற் சிறு மேடாய்த் தோன்றும். உள்ளே ஆழமாக அறைகள் வகுத்திருக்கும். அப்பெயர் தாங்கிய நோயும் அத்தகையதே. தொடக்கத்தில் அது பெரும்பாலும் நோவு தருவதில்லை. நோவில்லாமையால் நாம் அதனைப் பொருட்படுத்துவதும் இல்லை.

இங்கிலாந்து தேசத்தார் இதற்கென ஒரு விரைவு வழி வகுத்துள்ளனர். ஆங்கு நோயாளர் பெரும்பாலும் முதலில் தம் ஊர்ப் பொது மருத்துவரையே காண்பர். அவர் புற்றோ என ஐயுறின் உடனே வல்லுநரிடம் அனுப்புவர். அவ்வாறு அனுப்பப்பட்டவரை வல்லுநர் 14 நாட்களுக்குள் காணுதல் வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்ட விதி. 2023 அக்டோபரில் அது நீக்கப்பட்டது. புற்று உண்டு அல்லது இல்லை என்பதை 28 நாட்களுக்குள் நோயாளிக்கு அறிவித்தல் வேண்டும் என்பதே இப்போது அளவுகோல். நோய் உண்டாயின் 62 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்குதல் வேண்டும்.

யாரை அனுப்புவது? 2015-ஆம் ஆண்டு நெறிமுறை இவற்றை எடுத்துரைக்கின்றது: காரணம் விளங்காது மூன்று வாரத்திற்கு மேலும் ஆறாத வாய்ப்புண், காரணம் விளங்காத கழுத்துக் கட்டி, 45 வயது நிரம்பியோரிடத்து நீங்காது நிற்கும் குரற்கம்மல்.

இவ்வழி பயன் தந்ததா எனின், தந்தது. ஆயினும் முழுமையாக அன்று. அனுப்பப்படும் நூற்றுவரில் பத்துக்கும் குறைவானவர்க்கே புற்று காணப்படுகின்றது. எஞ்சியோர் அச்சம் நீங்கி இல்லம் திரும்புகின்றனர். அது நன்றே, ஆனால் வரிசை நீளுந்தோறும் உண்மையில் நோயுற்றவர் காத்திருக்க நேரும். அதனால் 2020-ஆம் ஆண்டுக் கோவிட் காலத்தில், மருத்துவர் தொலைபேசியிற் குறிகளைக் கேட்டு, முதலில் வரவேண்டியவரைத் தெரிந்தெடுத்தனர். மேலும், புற்றுடையார் அனைவரும் இவ்வழியே வருவதில்லை. வருவோரிலும் பலர் நோய் முற்றிய பின்னரே வருகின்றனர். விதியிற் குறித்த நாட்கள் மருத்துவர் அனுப்பிய பின்னரே தொடங்குகின்றன. வீட்டிற் கழிந்த திங்கள்களை எந்த விதியும் கணக்கிடுவதில்லை. வழி எத்துணை விரைவுடையதாயினும், அதன் வாயில்வரை நடந்து செல்ல வேண்டியவர் நோயாளரே.

"இங்கிலாந்தின் வழி நமக்கு ஏது?" என்பீர்கள். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தைக் காண்மின். திருவனந்தபுர மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துக்களில் 1996 முதல் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. அவற்றுள் 7 பஞ்சாயத்துக்களிற் பயிற்சி பெற்ற பணியாளர் வீடுதோறும் சென்று, வாயைத் திறக்கச் செய்து கண்ணாற் பார்த்தனர். ஐயமுற்றவரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005-இல் வெளியான முடிவு யாது? புகையிலையோ மதுவோ பழகியோரிடையே, வாய்ப்புற்றால் நேரும் மரணம் ஏனைய பஞ்சாயத்துக்களினும் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவியன்று, காலத்தே கண்ட கண்ணே அவ்வுயிர்களைக் காத்தது.

ஆதலின் அன்பர்களே, மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம்.

முதலாவது, பல் துலக்கும்போது திங்களுக்கு ஒருமுறையேனும் கண்ணாடியில் நாவின் ஓரங்களையும் கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள். புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் தழும்போ கண்டால் நாட்காட்டியில் அந்நாளைக் குறியுங்கள். மூன்று வாரம் கடந்தும் ஆறாவிடின் மருத்துவரிடம் சென்று, "இத்தனை நாளாக இருக்கின்றது" என்று நாட்கணக்கோடு உரையுங்கள். எம்மனைய ஆசிரியர், குரல் கம்மினால் வகுப்பில் உரக்கப் பேசியதன் பயன் என்று தள்ளிவிடுகின்றோம். அது மூன்று வாரம் நீடிப்பின் அவ்வாறு தள்ளுதல் தகாது.

இரண்டாவது, புகையிலையை அறவே ஒழியுங்கள். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுக்குக் காரணமாகும் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2003-இல் முடிவு செய்தது. மங்கலத் தாம்பூலம் வழங்குதலை யாம் தடுக்கவில்லை. அதனை வாயில் அடக்கி வைத்தலையே தடுக்கின்றோம்.

மூன்றாவது, நம் சங்கத்திற்கே உரியது. இந்நோய் உடன் உண்பதாலோ தொடுவதாலோ ஒட்டுவதன்று. குலத்திற்கு மறுவும் அன்று. நோயுற்றார் வீட்டுப் பெண்ணையோ பிள்ளையையோ அது கருதி விலக்குதல் இல்லை என்று இச்சபையில் ஒரு தீர்மானம் செய்வோமாக. வறியவர்க்கு வழிச்செலவு அளித்து, மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல இருவரை நியமிப்போமாக.

மறைந்த அவ்வன்பர் அஞ்சியது புண்ணை அன்று; நம்மையே அஞ்சினார். அவ்வச்சத்தை நீக்குதல் நம் கையிலுள்ளது.