சாமியிடம் சொன்னதும் பள்ளியில் சொல்லாததும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதைப் பேசத் தகுந்த பெரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். நானோ பயிற்சிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு நேரே தோட்டப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். முப்பது வயதைத் தாண்டியும் வேறு பள்ளியில் வேலை பார்த்ததில்லை. ஆகவே தினமும் கண்ணில் படுவதையும், சென்ற ஆண்டு ஓர் ஆன்மிகக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போய் அங்கே காதில் விழுந்த ஒரு பேச்சையும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் நம் பள்ளி வாசல். காலை ஏழு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்த அப்பா, பகல் வேலைக்குப் புறப்பட்ட அம்மா, மோட்டார் சைக்கிள் பின்னால் பையோடு பிள்ளை. வண்டியின் எஞ்சினை அணைக்கமாட்டார்கள், ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார்கள். பிள்ளை இறங்கியதும் வண்டி திரும்பிவிடும். நான் இரண்டு அடி முன்னால் வைத்து, “அம்மா, கொஞ்சம் நில்லுங்க” என்றால் அந்த முகம் மாறிப்போகும். “என்ன டீச்சர், என்ன தப்பு பண்ணிட்டான்?” இதுதான் முதல் கேள்வி. பிள்ளை நன்றாகப் படம் வரைகிறான் என்று சொல்லக் கூப்பிட்டாலும் இதே கேள்விதான். பள்ளி கூப்பிட்டால் ஏதோ குற்றம் என்று எப்படியோ மனதில் பதிந்து போயிருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. பினாங்கில் 1816ஆம் ஆண்டிலேயே ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது என்று ஒவ்வொரு மேடையிலும் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பள்ளியின் கதை வேறு. கூட்டு மலாய் மாநிலங்களில் 1912இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று சொன்னது. சட்டத்துக்காகத் துரை ஒரு கொட்டகை போட்டார். கங்காணியோ, கிராணியோ, எழுத்துத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வாத்தியார் ஆனார். கொட்டகை துரையுடையது, வாத்தியார் சம்பளம் துரையுடையது. பெரட்டுக்களம், ஆபீசு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே கை. ஆபீசுக்கு ஒருவரைக் கூப்பிட்டார்கள் என்றால் எதற்கு என்று லயம் முழுக்கத் தெரியும். நல்ல சேதி சொல்ல யாரும் யாரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டதில்லை.

கோவில் அப்படியல்ல. தகரக் கூரையானாலும் மாரியம்மன் கோவில் நம் சனங்கள் காசு போட்டுக் கட்டியது. அங்கே போனால் தரையில் சம்மணமிட்டு உட்காரலாம், அழலாம், அம்மனிடம் சண்டை கூடப் போடலாம். இன்றைக்குத் தோட்டம் போய்விட்டது. பால்மரம் நின்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. நம் பள்ளிப் பலகையில் மட்டும் ‘தோட்டம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலகையிலே மட்டுமா, நம் கால்களிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் எண்ணம். கோவில் வாசலில் கால் தானாக உள்ளே போகிறது. பள்ளி வாசலில் நின்றுவிடுகிறது.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து ஒரு சாமியார் செபராங் ஜெயாவுக்கு வந்திருந்தார். பெயர் இங்கே வேண்டாம். என் பக்கத்து வீட்டு அக்கா மூன்று நாளாக என்னை விடவில்லை. “நீ ஒண்ணும் கேக்க வேணாம் டீச்சர். சும்மா போய் முன்னால நின்னா போதும், மனசுல இருக்கறதைச் சாமியே சொல்லிடுவாரு” என்றார். எனக்குப் பக்தியைவிட ஆவல்தான் அதிகம். என் மனதில் இருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவாரா, சொன்னால் எப்படிச் சொல்கிறார், அதையும் பார்த்துவிடலாமே என்று கிளம்பிவிட்டேன். கருமாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனோம்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் பாய், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் மேசை போட்டுச் சாமியாரின் படம், புத்தகம், மாலை எல்லாம் விற்றார்கள். படத்துக்குச் சொன்ன விலையில் நம் பிள்ளைகளுக்கு அரை டஜன் நோட்டுப் புத்தகம் வாங்கலாம். இது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அம்மாக்கள் அன்று பேசிய பேச்சை அதற்கு முன் நான் எங்கேயும் கேட்டதில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

வரிசை நகர்ந்தது. என் முறை வந்தபோது சாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் நெஞ்சு படபடக்க நின்றேன். “சாப்டியாம்மா?” என்றார். “இன்னும் இல்லீங்க சாமி” என்றேன். “பின்னால சாப்பாடு இருக்கு, சாப்டாம போகாதே” என்று சொல்லித் திருநீறு கொடுத்தார். அவ்வளவுதான். அக்காவுக்கு ஏமாற்றம். அப்போது என் மனதில் இருந்ததும் உண்மையில் பசிதான் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வந்த ஒருவர் நாலு நம்பர் கேட்டார். சாமியார் வாய்விட்டுச் சிரித்து, “எனக்குத் தெரிஞ்சா நானே எடுக்கமாட்டேனா?” என்றார். அந்த மனிதர் அதையும் ஏதோ குறிப்பு என்று நினைத்து யோசித்துக்கொண்டே போனார்.

அப்புறம் சாமியார் கொஞ்ச நேரம் பேசினார். தத்துவம் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு டாக்டரின் கதையைச் சொன்னார். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்ற அந்த டாக்டர் 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தார். செரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல ஆண்டு வேலை பார்த்தார். பிறகு ஜொகூர் பாருவிலும் இருந்தார். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவர்தான் சுவாமி சிவானந்தர். அவர் 1936இல் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் பத்துமலையிலும் இருக்கிறது. “அவர் இமயமலையில நோயாளியைப் பார்க்கறதுக்கு முன்னாலேயே உங்க தாத்தா பாட்டன் மாதிரி சனங்களைத் தொட்டுப் பார்த்தவர்” என்று சாமியார் சொன்னபோது, பாயில் உட்கார்ந்திருந்த கிழவிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்தவங்க யாரு இருக்கீங்க?” என்று கேட்டதும் எத்தனை கைகள் எழுந்தன தெரியுமா! ஒரு பாட்டி எழுந்து நின்று, தங்கள் தோட்டத்து டிரசர் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துத் தண்ணியைக் கொடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். உட்காரச் சொல்லி யாரும் அதட்டவில்லை.

அந்தப் பாட்டி கொடுத்த தைரியமோ என்னவோ, நடுவிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பார்த்த முகம். நம் பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருவனின் தாய். என் வகுப்பு இல்லை, ஆனால் காலையில் ஹெல்மெட்டுக்குள் தினமும் பார்க்கும் முகம். அவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கொட்டினார்.

“சாமி, என் புள்ளைக்கு எழுத்து ஏறவே மாட்டேங்குது. வாயால சொன்னா அப்படியே புடிச்சுக்கறான், எழுதச் சொன்னா தப்பு தப்பா எழுதறான். பலகையில எழுதறதைப் பார்க்காம பக்கத்துப் புள்ளை நோட்டைப் பார்த்து எழுதறானாம். வீட்டுல டிவிக்கு மூக்கு ஒட்டற மாதிரி போய் நிக்கறான். யாரோ செஞ்சு வெச்சுட்டாங்கன்னு மாமியார் சொல்றாங்க. நீங்கதான் பார்க்கணும்.”

சாமியார் திருநீறு எடுத்துக் கொடுத்தார். பிறகு கேட்டார்: “இதைப் பள்ளிக்கூடத்துல சொன்னியாம்மா?”

“ஐயோ சாமி, அங்க எப்படிப் போய்ச் சொல்றது?”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிவிக்கு மூக்கை ஒட்டுகிற பிள்ளை, வாயால் சொன்னதைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை, பலகையை விட்டுப் பக்கத்து நோட்டைப் பார்க்கிற பிள்ளை. மூன்றையும் சேர்த்துக் கேட்டால் எந்த ஆசிரியருக்கும் முதலில் கண்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒன்று வீட்டில் தெரிகிறது, ஒன்று வகுப்பில் தெரிகிறது. இரண்டும் ஓரிடத்தில் சேர ஒரு சாமியார் கடல் கடந்து வரவேண்டியிருக்கிறது.

சாப்பாட்டுப் பந்தியில் அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார். “உக்காருங்கக்கா, எனக்கும் பசிக்குது” என்றேன். சாம்பார் சாதம் முடிவதற்குள் பாதிக் கதை வந்தது. மீதி, இலையை எடுத்துப் போட்டுக் கைகழுவும்போது வந்தது. பையனின் தாத்தா பால்மரம் சீவியவர். தன் சின்ன வயதில் ஒருமுறை அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அன்றைக்கு அரைநாள் சம்பளம் போய், சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஆபீசு அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றாராம். உள்ளே கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டி அனுப்பினார்களாம். “அப்பா அப்படி நின்னதைப் பார்த்தேன் டீச்சர். அதுலேர்ந்து எனக்குப் பள்ளிக்கூடம்னா பயம்” என்றார். இது எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். எந்தப் பள்ளியிலும் நடந்திருக்கக் கூடியதுதான்.

மறுவாரமே பையனின் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லி, கண் பரிசோதனைக்கு ஏற்பாடானது. கிட்டத்துப் பார்வை மட்டும் தெளிவு, தூரத்துப் பார்வை மங்கல். கண்ணாடி போட்ட முதல் நாள், எங்கள் வகுப்புக்கு வெளியே இருக்கும் மாமரத்தில் தனித்தனியாக இலை இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். இன்றைக்கும் அவன் பெரிய படிப்பாளி ஒன்றும் இல்லை. ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் அவனுக்கு ஓயாத சண்டை. ஆனால் பலகையைப் பார்த்து எழுதுகிறான். அவன் அம்மா, எல்லாம் சாமியார் கொடுத்த திருநீறு என்கிறார். நான் மறுக்கவில்லை. திருநீறு பூசும்போது கண்ணாடியில் படாமல் பூசுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று பழமொழி சொல்வோம். நம் வீடுகளில் மாதாவும் பிதாவும் மூன்றாவது படியில் கால் வைக்காமல் நான்காவதுக்குத் தாவுகிறார்கள் என்று சில ஆசிரியர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நான்காவது படியில் பாய் விரித்திருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், எழுந்து பேசினால் அதட்டுவதில்லை. மூன்றாவது படியில் கண்ணாடிக் கதவு, அதற்கு முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சில் காத்திருக்கும் ஓர் அம்மா.

தலைமையாசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “சரி, நாமும் பாய் விரிப்போம்” என்றார். அப்படித்தான் வெள்ளிக்கிழமைச் சந்திப்பு ஆரம்பமானது. முதல் தடவை வந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். கொண்டைக்கடலைச் சுண்டலை நாங்களே சாப்பிட்டோம். இப்போது சுண்டல் போதுவதில்லை. வேலை முடிந்து சீருடையோடு வருகிறார்கள், தாத்தா பாட்டிகள் வருகிறார்கள். ஒரு தாத்தா பேரனின் படிப்பைப் பற்றி ஒன்றுமே கேட்பதில்லை, சும்மா வந்து உட்கார்ந்து பழைய தோட்டத்துக் கதை சொல்லிவிட்டுப் போகிறார். வரட்டும். பேரன் இரவில் தூங்காமல் அழுகிறான் என்பதும் அந்தக் கதைகளுக்கு நடுவிலேதான் ஒருநாள் வந்தது.

பெற்றோர்களே, பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர் எப்படியும் மேடைக்குக் கீழே படம் எடுக்க வந்துவிடுவீர்கள். நான் பேசுவது, பரிசு இல்லை என்று பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம். விழா முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாடு இருக்கிறது, ஆசிரியர்கள் நாங்களும் அங்கேதான் உட்காரப் போகிறோம். வெள்ளிக்கிழமைச் சந்திப்பு அடுத்த வாரமும் உண்டு. மாலை ஆறு மணிக்கு, நூலகத்தில். வேலை முடிந்து தாமதமாக வந்தாலும் கதவு திறந்திருக்கும்.