பரமண்டல மன்றாட்டும் நம் அன்றாட வாழ்வும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் கேட்டுப் பழகிய இம்மன்றத்தில், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே புதிதாகத் தோன்றலாம். கிறித்தவ அன்பர்கள் நாள்தோறும் சொல்லும் பரமண்டல மன்றாட்டைப் பற்றியே பேச விழைகின்றோம். மதம் பரப்புவது நம் நோக்கமன்று. முருகனைத் தொழுவோரும், திருமாலைத் தொழுவோரும், அல்லாவைத் தொழுவோரும், ஏசுபிரானைத் தொழுவோரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் ரயில்வே காலனி நம்முடையது. ஒரு வீட்டில் ஏற்றிய விளக்கின் ஒளி அடுத்த வீட்டுத் திண்ணையிலும் விழுவது இயல்பேயன்றோ?

இம்மன்றாட்டு மத்தேயு, லூக்கா என்னும் இருவர் எழுதிய நற்செய்தி நூல்களில் உள்ளது. எங்களுக்குச் செபம் செய்யக் கற்றுக்கொடும் என்று சீடர் ஒருவர் வேண்ட, ஏசுபிரான் இதனைக் கற்பித்ததாக லூக்கா கூறுகின்றார். தமிழுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நெடுங்காலத்தது. 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தோர் துணைகொண்டு இதனைத் தமிழாக்கி, மணியடித்துச் சிறுவரையும் பெரியோரையும் கூட்டிக் கற்பித்தார். பரதவர் குடில்களில் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாகத் தமிழில் ஒலித்து வரும் மன்றாட்டு இது.

இதனைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். அரை நிமிடத்தில் முடிவதை நாள் முழுவதும் நீட்டிக்கொள்வது எவ்வாறு? செர்மானிய நாட்டு விட்டன்பர்க் நகரில் பேதுரு என்னும் முடிதிருத்துநர் ஒருவர் இருந்தார். அவர் வேண்டிக்கொண்டதற்கு இணங்கி, மார்ட்டின் லூதர் 1535ஆம் ஆண்டில் செபம் செய்யும் முறை பற்றிச் சிறு நூலொன்று எழுதினார். காலையில் முதல் வேலையும் இரவில் இறுதி வேலையும் செபமாக இருக்கட்டும். இம்மன்றாட்டின் ஒவ்வொரு வேண்டுதலிலும் நின்று, அதனை உன் வாழ்வோடு பொருத்திப் பார் என்பது அவர் கூறிய வழி. நல்ல முடிதிருத்துநர் கண்ணையும் கருத்தையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பார். பேச்சில் மயங்கினால் எதிரே இருப்பவரின் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார் என்று, அவருடைய தொழிலையே உவமையாகக் காட்டினார். பெரும் புலவருக்கன்றி, உழைத்துப் பிழைக்கும் ஒருவருக்காக எழுதப்பட்ட நூல் அது. ஆகவே நம்மைப் போன்ற எழுத்தர்களும் அதனைப் பின்பற்றிப் பார்க்கலாம்.

காலையில் எழுந்ததும் முதல் வேண்டுதல், இறைவனைத் தந்தை என அழைத்து, அவன் பெயர் தூயதாக விளங்குக என்பது. தந்தையின் பெயரைக் காப்பது மக்களின் நடத்தையே. இவ்வங்க நாட்டில் நம் தனிப்பெயரை அறியாதோர் பலர். மதராசி என்ற ஒரே பெயரால் நம் அனைவரையும் குறிப்பர். ஒருவர் கடைக்காரரிடம் பொய் சொன்னால், அப்பழி காலனியிலுள்ள அத்தனை குடும்பங்களின் மேலும் விழுகின்றது. மண்ணுலகத் தந்தையின் பெயருக்கே இத்துணைக் காவல் வேண்டுமாயின், விண்ணுலகத் தந்தையின் பெயருக்கு எத்துணைக் காவல் வேண்டும்!

அலுவலகத்துக்குச் செல்லும்போது இரண்டாம், மூன்றாம் வேண்டுதல்களை எடுத்துச் செல்வோமாக. இறைவன் ஆட்சி வருக, அவன் திருவுளம் இம்மண்ணிலும் நிறைவேறுக என்பன அவை. அவ்வாட்சி எங்கிருந்து வரும்? கணவனை இழந்த ஓர் அம்மையாரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு நம் மேசைமேல் கிடக்கின்றது. இன்று நகர்த்தினால் அடுத்த மாதம் அவர் அடுப்பு எரியும். நாளை பார்க்கலாம் என்று தேநீர் அருந்தச் சென்றால், வாயால் வேண்டியதை நம் கையாலேயே தடுத்தவர் ஆவோம். பேரேடுகள் கணிப்பொறிக்குள் சென்றுவிட்ட இந்நாளிலும், அதனை நகர்த்த ஒரு மனிதரின் விரல் வேண்டியிருக்கின்றது.

நண்பகலில் உணவுப் பொதியை அவிழ்க்கும்போது நான்காம் வேண்டுதல் நினைவுக்கு வரட்டும். அன்றாட உணவை இன்று தருக என்பது அது. அன்றாடம் என நாம் கூறும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ளது மிக அரிய சொல். இன்றைக்குரியது என்றும், நாளைக்குரியது என்றும், உயிர் வாழத் தேவையானது என்றும் அறிஞர் பலவாறு பொருள் உரைப்பர். எப்பொருள் கொள்ளினும், களஞ்சியம் நிறையத் தருக என்று வேண்டவில்லை. எனக்குத் தருக என்றும் வேண்டவில்லை. இம்மன்றாட்டில் நான், எனது என்ற சொற்கள் ஓரிடத்திலேனும் இல்லை. முழுதும் எங்கள், எங்களுக்கு என்பனவே. அந்த எங்களுக்குள் வெயிலில் தண்டவாளம் காக்கும் தொழிலாளியும் அடங்குவார். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரும் அடங்குவார். அவர் உண்டாரா என்று கேளாமல் நாம் உண்ணும் சோறு, இவ்வேண்டுதலுக்குப் புறம்பான சோறு.

மாலையில் வீடு திரும்பும்போது வருவது ஐந்தாம் வேண்டுதல். இதுவே மிகக் கடினமானது. எம்மிடம் பட்ட கடனை நாங்கள் விட்டுவிடுவது போல் எங்கள் கடனை விட்டுவிடுக என்பது இதன் கருத்து. பாவம் என்று லூக்கா எழுதும் இடத்தில், மத்தேயு கடன் என்னும் கணக்குச் சொல்லை எழுதுகின்றார். அவர் சுங்கச் சாவடியில் அமர்ந்து வரி வாங்கியவர். ஒருவகையில் நம் இனத்தவர். மற்ற வேண்டுதல்களில் நாம் கேட்க மட்டுமே செய்கின்றோம். இதில் நிபந்தனைக்குக் கையொப்பமும் இடுகின்றோம்.

இதனை விளக்கும் கதையும் மத்தேயு நூலில் உண்டு. அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் மன்னிப்புப் பெறுகின்றான். வெளியே வந்ததும், தன்னிடம் 100 தெனாரியம் கடன்பட்ட உடன் ஊழியனின் கழுத்தை நெரிக்கின்றான். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அவனுக்கு விடப்பட்டது 6 கோடி நாட்கூலி. அவன் விட மறுத்தது 100 நாட்கூலி!

நம் காலனியில் பேச்சற்றுப் போன வீடுகள் எத்தனை! சீட்டுப் பணத்தில் ஒரு பாக்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சொல், விழா மேடையில் கிடைக்காத ஒரு நாற்காலி. இவற்றுக்காகப் பத்து ஆண்டு முகம் திருப்பிக்கொள்கின்றோம். ஆனால் நம் வீட்டில் நள்ளிரவில் ஓர் உயிர் பிரிந்தால், தமிழ்நாட்டு உறவினர் ரயிலேறி இரண்டாம் நாளே வந்து சேருவர். அதுவரை உடனிருப்பவர் யார்? பாடைக்குத் தோள் கொடுப்பவர் யார்? நாம் முகம் திருப்பிக்கொண்ட அந்த அடுத்த வீட்டாரே. அலுவலகத்தில் அன்றாட வரவு செலவை அன்றே முடிப்பது போல, மனத்தாங்கலையும் உறங்குமுன் முடித்துவிட வேண்டும். மறுநாள் ஏட்டில் அதனை முன்னிருப்பாக எழுதுதல் ஆகாது.

இரவில் எஞ்சுவது இறுதி வேண்டுதல்: சோதனையில் விழாமல் காத்துத் தீமையினின்று மீட்க என்பது. லூதர் நூல் எழுதிக் கொடுத்த அப்பேதுருவின் கதையை முடிக்கவில்லை. அதே 1535ஆம் ஆண்டில் அவர் தம் மருமகனையே குத்திக் கொன்றுவிட்டார். லூதர் முதலியோர் பரிந்து பேசியதால் உயிர் தப்பி, நாடு கடத்தப்பட்டார். அவர் பொருட்டு எழுதிய நூலே கையிலிருந்தும், ஒரு கணச் சினம் அவரை வீழ்த்திற்று. அவரை இகழ நமக்கு உரிமையில்லை. மன்றாட்டை மனப்பாடம் செய்தவர் அனைவரும் காக்கப்பட்டவர் அல்லர். ஒவ்வொரு நாளும் அதனைப் புதிதாக வாழ்ந்தாக வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஆகவே அன்பர்களே, நீங்கள் எந்தத் தெய்வத்தை வணங்கினும் வணங்குக. காலையில் பெயரைக் காத்தல், அலுவலில் கடமையை முடித்தல், நண்பகலில் பகிர்ந்துண்ணல், மாலையில் மன்னித்தல், இரவில் விழிப்பாயிருத்தல் ஆகிய இவ்வைந்தையும் நாள்முறையாகக் கொள்வோமாக. இன்று விழா முடிந்து செல்லும்போது, நெடுநாள் பேசாத அடுத்த வீட்டு வாயிலில் ஒரு கணம் நின்று, சாப்பிட்டீர்களா என்று கேட்டுச் செல்வோம். அதுவே இவ்விழாவின் பயனாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!