சொன்னதைச் செய்யும் பொறி

(இளைஞர் பகுதியினரின் கணினி வகுப்புத் தொடக்க நாளன்று நிகழ்த்திய உரை)



இளைஞர் பகுதியார் நடத்தவிருக்கும் கணினி வகுப்பில் முதற் பாடமாகக் கட்டளை வரி வைக்கப்பட்டிருப்பதைக் கண்ட பெரியவர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். திரையிலுள்ள படத்தைத் தொட்டாலே கருமம் முடிகின்ற இக்காலத்தில், கறுப்புத் திரையொன்றின் முன்னமர்ந்து எழுத்தெழுத்தாய்த் தட்டிக்கொண்டிருப்பது முற்போக்கா, பிற்போக்கா என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறாமல் வகுப்பைத் தொடங்குவது முறையன்று.

தேநீர்க்கடைக் கண்ணாடி அலுமாரியில் வடையும் வாய்ப்பனும் இருக்கின்றன. பாஷை தெரியாதவனும் விரலாற் சுட்டிக்காட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அலுமாரியில் இல்லாததை அவன் கேட்க முடியாது. உறைப்பைக் குறைத்து, வெங்காயத்தைக் கூட்டி, நாளைக் காலைக்கு ஐம்பது வடை வேண்டும் என்று சொல்லவும் முடியாது. சுட்டிக்காட்டுவதற்கும் பேசுவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. திரையிலுள்ள படங்கள், அவற்றை அமைத்தவர் முன்கூட்டியே நினைத்துவைத்த வேலைகளை மட்டும் எமக்குத் தரும். கட்டளை வரியோ பேச்சு. ஆயிரம் கோப்புகளின் பெயர்களை ஒருங்கே மாற்ற வேண்டுமானால் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு வரி போதும். சுட்டியைப் பிடித்திருப்பவன் விடியுமட்டும் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நாம் படிக்கப்போகும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969ஆம் ஆண்டு, அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில் என்னுமிடத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. மல்ரிக்ஸ் என்ற பெருந்திட்டமொன்றிலிருந்து அவ்வாய்வுகூடம் அவ்வாண்டிலே விலகிக்கொண்டது. கென் தொம்சன் என்பவர், அதிகம் பயன்படாது கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறு கணினியொன்றைத் தேடிப் பிடித்துத் தமக்கு வேண்டியதைத் தாமே எழுதத் தொடங்கினார். டெனிஸ் றிச்சி முதலியோர் துணைநின்றனர்.  அன்று அவர்கள் கட்டளைகளைத் தட்டியது தொலையச்சுப் பொறியில். அது விநாடிக்குப் பத்து எழுத்துக்களையே அச்சிடும், விசைகளும் கனமானவை. சொற்களை நீட்டி முழக்க யாருக்கு மனம் வரும்? கோப்புகளின் பட்டியலைக் காட்ட 'எல்.எஸ்.', பிரதி எடுக்க 'சி.பி.', இடம் மாற்ற 'எம்.வி.' என்று கட்டளைகள் இரண்டெழுத்தில் முடிந்துவிட்டன.

யூனிக்ஸுக்கு அதைப் படைத்தவரல்லாத பாவனையாளராக முதன்முதல் வந்து அமர்ந்தவர்கள் யார் தெரியுமா? 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அதே நிறுவனத்தின் காப்புரிமைப் பகுதியிலிருந்து தட்டெழுத்தாளர் மூவர் வந்தார்கள். காப்புரிமை விண்ணப்பங்களை நாள் முழுவதும் தட்டுவதும் திருத்துவதும் அழகுபட அச்சிடுவதும் அவர்கள் பணி. விஞ்ஞானிகள் தம் பரிசோதனைகளையும் அதே கணினியிலேதான் செய்யவேண்டியிருந்தது. ஒருவரின் பிழையால் மற்றவர் எல்லாரின் வேலையும் விழுந்துபோகக்கூடிய பொறி அது. ஆகவே புதிய நிரலைச் சோதிப்பதற்கு நிதானமும் வேண்டும், துணிவும் வேண்டும் என்ற நிலை. எம்மில் ஒரு சிலர், "நாங்கள் விஞ்ஞானப் பிரிவிற் படிக்கவில்லையே" என்று பின்வாங்குகிறார்கள். அத்தட்டெழுத்தாளர் மூவரையும் அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

மற்றோர் அச்சம் ஆங்கிலம் பற்றியது. 'எல்.எஸ்.' என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் சொல்லன்று. ஒரு சொல் வரும் வரிகளைத் தேடித்தரும் 'கிரெப்' என்பதும் அப்படியே. 'ஈ.டி.' என்ற பழைய தொகுப்பு நிரலில், "எங்கும் தேடு, இந்த வடிவை, அச்சிடு" என்று பொருள்பட இட்ட எழுத்துக்கள் ஒட்டிக்கொண்டு ஒரு பெயராயின. இலண்டனிற் பிறந்த பிள்ளையும் இதைப் புதிதாகத்தான் படிக்கிறது. எமது பிள்ளையும் புதிதாகத்தான் படிக்கிறது. ஐம்பது சொற்கள் தெரிந்தால் இம்மொழியில் அன்றாடக் கருமங்களைச் செய்துகொள்ளலாம்.

கட்டளையை வாங்கிப் பொறிக்குக் கொண்டுசெல்லும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். அச்சொல்லைக் கேட்டதும் எம்மவர் நெஞ்சு ஒருகணம் திடுக்கிடும். இது அந்த ஷெல் அன்று, நத்தையோட்டின் பெயர். உள்ளேயிருக்கும் கருவை மூடி நிற்பதால் இப்பெயர் இட்டார்கள்.

ஷெல்லின் முன்னமர்ந்ததும் முதலில் அறியவேண்டியது, நாம் எங்கே நிற்கிறோம் என்பது. அதைச் சொல்லும் கட்டளை 'பி.டபிள்யூ.டி.' முன்னாளில் வீதி போட்ட திணைக்களம் பெரியோர்க்கு ஞாபகம் வரலாம், அதுவன்று இது. நாம் இப்போது நிற்கும் கோப்புறையின் முழு முகவரியை இது காட்டும். 'எல்.எஸ்.' அங்கே என்னென்ன உள என்று காட்டும். 'சி.டி.' வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்லும். கோப்புறைகள் யாவும் ஒரு மரமாக அமைந்தவை. அம்மரத்தின் வேர் மேலே, கிளைகள் கீழே. கீதையின் 15ஆம் அத்தியாயம் கூறும் தலைகீழான அரசமரத்தை அறிந்தவர்க்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. சாய்ந்த கோடு ஒன்றை மட்டும் இட்டால் அது வேரைக் குறிக்கும். இரண்டு புள்ளிகள் இட்டால் ஒரு படி மேலே ஏறலாம்.

இன்னொன்று. சொன்ன வேலையைப் பிழையின்றிச் செய்துவிட்டால் யூனிக்ஸ் பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாது. பிரதி எடு என்றால் எடுக்கும். எடுத்துவிட்டேன் என்று அறிவிக்காது. புதிதாய்ப் படிப்பவர் பயந்துபோய் அதே கட்டளையை மூன்று முறை தட்டுவார்கள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்க. வாயைத் திறந்தால்தான் ஏதோ பிழை.

இம்மௌனத்திலேதான் ஆபத்தும் இருக்கிறது. அழிக்கும் கட்டளை 'ஆர்.எம்.' அழித்ததைப் பொறுக்கி எடுக்க இங்கே குப்பைத்தொட்டி இல்லை. "நிச்சயமாகவா?" என்று கேட்கவும் மாட்டாது. 'பழையது' என்று முடியும் கோப்புகளை மாத்திரம் அழிக்க எண்ணினால், எதையும் குறிக்கும் நட்சத்திரக் குறியையும் அச்சொல்லையும் ஒட்டி எழுத வேண்டும். இடையில் ஒரு வெளி விழுந்ததோ, பொறி அதனை இரண்டு பெயராகக் கொள்ளும்: இங்குள்ள எல்லாவற்றையும் அழி, பின்னர் 'பழையது' என்பதையும் அழி. 'பலகை' என்பதற்கும் 'பல கை' என்பதற்கும் உள்ள பேதம் தமிழறிந்தவர்க்குத் தெரியும். அவ்வளவு பேதம் இங்கும் உண்டு. மனிதரானால் "இவன் சொல்ல வந்தது அதுவாயிராது" என்று ஊகித்துக்கொள்வார்கள். பொறி எங்களை முழுதாக நம்புகிறது.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சர் படக்கூடத்தில் 'டோய் ஸ்டோரி 2' என்ற படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அழிக்கும் கட்டளையைத் தகாத இடத்தில் இட்டுவிட்டார். பாத்திரங்கள் ஒவ்வொன்றாய் மறைவதைக் கண்டவர்கள் கணினியின் இணைப்பையே பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப் பிரதி உண்டே என்று தேடினால், அதுவும் சரியாக வேலைசெய்யவில்லை. குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றிய காலின் சஸ்மன் என்னும் பெண்மணியிடம் ஒரு பிரதி இருந்தது. அக்கணினியைப் போர்வையாற் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். (பின்னர் கதை திருப்தி தராமையால் அவர்களே படத்தைப் பெருமளவு மாற்றி எடுத்தது வேறு விஷயம்.)

பிரதியின் அருமையை எமக்குப் பிக்சர் வந்து சொல்லவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் எரிந்தன. 'சி.பி.' என்ற இரண்டெழுத்தை எமது வகுப்பில் 'ஆர்.எம்.'முக்கு முன்னர் படிப்பிப்பதற்குக் காரணம் இதுவே. வீட்டுப் படங்கள், கணக்குகள், பாட்டனார் எழுதிய குறிப்புகள், எதுவானாலும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். அழிக்கவே வேண்டியிருந்தால் அதற்கொரு பழக்கம் உண்டு. முதலில் 'ஆர்.எம்.' இருக்கவேண்டிய இடத்தில் 'எல்.எஸ்.' என்று எழுதி, அழியப்போகும் பெயர்களைத் திரையிற் கண்ணாற் காண்க. சரியானால் மேலம்பு விசையை அமுக்கி அவ்வரியை மீண்டும் அழைத்து, முதற்சொல்லை மட்டும் மாற்றுக. எல்லா அதிகாரமும் உள்ள 'றூட்' என்னும் பெயரில் எந்நேரமும் உட்கார்ந்திருப்பதும் ஆகாது. கருவறைக்குள் செல்பவரும் பூசை முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறார்.

இனி, யூனிக்ஸின் அழகு முழுதும் தங்கியிருக்கும் இடத்துக்கு வருவோம். அதே ஆய்வுகூடத்து டக்ளஸ் மக்கில்றோய் என்பவர், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இறப்பர்க் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல நிரல்களையும் பொருத்த வழி வேண்டும் என்று 1964லேயே ஒரு குறிப்பு எழுதிவைத்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் தொம்சன் அதை யூனிக்ஸில் அமைத்தார். ஒரு நிலைக்குத்துக் கோடுதான் அக்குழாய். அதன் இடப்பக்கத்து நிரல் தருவதை வலப்பக்கத்து நிரல் வாங்கிக்கொள்ளும்.

உதாரணமாக, உறுப்பினரின் ஊர்ப்பெயர்களை வரிக்கொன்றாக எழுதிய கோப்பொன்று இருக்கிறதென்போம். ஊருக்கு எத்தனை பேர் என்று அறிய வேண்டும். 'சோர்ட்' என்பது வரிகளை ஒழுங்குபடுத்தும். 'யூனிக்' என்பது அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கி, கேட்டால் எண்ணிக்கையும் தரும். அடுத்தடுத்து என்பதைக் கவனிக்க. நல்லூர் ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் கிடந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் 'சோர்ட்', நடுவிற் கோடு, பின்னர் 'யூனிக்'. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரேயொரு வித்தைதான் தெரியும். சேர்த்துவைத்தால் காரியதரிசியார் ஒரு மாலைப்பொழுது குந்தியிருந்து எண்ணுவதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணிவிடும்.

தமிழுக்கும் இது உதவுமா? உதவும்; ஆனால் அவதானம் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் எம் பழைய நூல்கள் பலவற்றைத் தட்டெழுதி இலவசமாக வழங்கியுள்ளனர். திருவாசகத்தை அங்கிருந்து எடுத்து 'தில்லை' வரும் வரிகளைத் தருக என்று 'கிரெப்'பிடம் கேட்கலாம். பொறிக்குச் சிதம்பரம் தெரியாது. 'அதில்லை' என்ற சொல் எங்கேனும் இருந்தால், அதனுள்ளும் அதே எழுத்துக்கள் உள்ளனவாதலின் அவ்வரியையும் சேர்த்துக் கொணர்ந்து வைக்கும். பொறுக்கி எடுப்பது தமிழ் படித்தவன் வேலை.

எழுத்தை எண்ணுவதிலும் ஒரு விநோதம் உண்டு. எண்ணும் நிரலின் பெயர் 'டபிள்யூ.சி.', சிரிக்க வேண்டாம், சொல்லெண்ணி என்பதன் சுருக்கமே. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்போம். அந்நிரலோ ஐந்து என்னும்: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. அதையே பைற்றுக் கணக்கிற் கேட்டால் பதினைந்து என்னும், யு.டி.எப்.-8 முறையில் எமது குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று. உலக எழுத்துக்கள் யாவற்றையும் பழைய யூனிக்ஸ் பழக்கங்கள் குலையாமல் எழுத உதவும் இம்முறையை 1992இல் நியூ ஜேர்சி உணவகமொன்றில் மேசைத் தாளொன்றிற் குறித்தவர் அதே தொம்சன். உடனிருந்தவர் றொப் பைக்.

மறதி வந்தால் யாரையும் கேட்கக் கூசவேண்டாம். கூச்சமானால் 'மான்' என்று தட்டி, அடுத்துக் கட்டளையின் பெயரைத் தட்டுக. கைந்நூற் பக்கம் திரையில் விரியும். முதற் கைந்நூல் 1971 நவம்பர் 3ஆந் தேதியிட்டது. அதில் நிரல்களின் குறைகளைச் சொல்லத் தனித் தலைப்பு வைத்து, இன்ன இன்ன இடத்தில் இது பிழைக்கும் என்று எழுதியவர்களே எழுதிவைத்தார்கள். தம் சரக்கின் குற்றத்தைத் தாமே சொல்லும் வியாபாரியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். றிச்சேட் ஸ்ரோல்மன் 1983இல் அறிவித்த கினூ திட்டத்தின் கருவிகளும், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து, யூனிக்ஸைப் போலவே நடக்கும் இயங்குதளமாகி யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. 2017 நவம்பரில் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் லினக்ஸிலேயே இயங்கின. அதே லினக்ஸ், வீட்டில் மூலையிற் போட்ட பழைய மடிக்கணினியிலும் ஓடும். அப்படிப்பட்டது ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்றைக்குப் பயிற்சி இவ்வளவே. எங்கே நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். அங்கே என்ன உண்டென்று பாருங்கள். உங்கள் ஊரவர் பெயர்களை ஒரு கோப்பில் எழுதிப் பிரதி ஒன்று எடுங்கள். பிரதியைச் 'சோர்ட்' செய்து 'யூனிக்'குக்குக் கொடுங்கள். நிரல் நிற்காமல் ஓடினால் கண்ட்ரோல் விசையோடு சி எழுத்து. கைந்நூலுக்குள் அகப்பட்டு வெளியே வர வழி தெரியாவிட்டால் கியூ எழுத்து. 'ஆர்.எம்.' அடுத்த கிழமை.